ஒன்றும் நடக்காத நாளின் கணக்கு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் ரீட் கல்லூரி இருக்கிறது. கலை, அறிவியல் பாடங்களுக்குப் பேர்போன சிறிய கல்லூரி. அணுப் பொறியியல் என்றொரு துறையே அங்கே கிடையாது. ஆனால் அணு உலை உண்டு. 1968 முதல் இருந்துவரும் அந்த உலையை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இளநிலை மாணவர்கள். இயற்பியல் படிப்பவரும் இருப்பார், இலக்கியமோ தத்துவமோ படிப்பவரும் இருப்பார். ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி எடுத்து, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறி, உடல்தகுதிச் சான்றும் கொடுத்தால் ஆணையமே உரிமம் தருகிறது. உரிமத்தின் ஆயுள் ஆறு ஆண்டு. வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது செல்லாது. ஆராய்ச்சி உலையின் இயக்குநர் ஒவ்வொரு காலாண்டிலும் குறைந்தது நான்கு மணி நேரமாவது அந்தப் பணியைச் செய்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

அணு உலை என்றதும் பெரிய கோபுரங்களையும் சங்கு ஊதும் அறைகளையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். சுமார் 25 அடி ஆழத்தில் ஒரு நீர்த்தொட்டி. அடியில் எரிபொருள் தண்டுகள். உலை ஓடும்போது அவற்றைச் சுற்றி நீல ஒளி. உச்சத் திறன் 250 கிலோவாட். கூடங்குளத்தின் ஓர் உலை தரும் வெப்பம் 3000 மெகாவாட். அதில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு இது. இங்கே மின்சாரம் எடுப்பதில்லை. நியூட்ரான்தான் விளைச்சல். மண்ணையோ பாறைத் துண்டையோ சற்று நேரம் உலைக்குள் வைத்தெடுத்து, பிறகு அது உமிழும் காமா கதிர்களைக் கொண்டு அதில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

இதற்காக நடக்கும் அன்றாட வேலையில் பெரும்பகுதி பார்ப்பதும் எழுதுவதும்தான். ஓட்டுவதற்கு முன் ஒரு பட்டியல், நிறுத்திய பின் ஒரு பட்டியல். தொட்டியின் நீர்மட்டம், நீரின் வெப்பம், அதன் மின்கடத்துத்திறன், அறைக்குள் கதிர்வீச்சு, காற்றில் மிதக்கும் தூசியின் கதிரியக்கம், காற்றோட்டம் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, எண்ணைக் குறித்து, பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். உலையை நொடியில் நிறுத்தும் 'ஸ்கிராம்' சுற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுத் தண்டை மேலே பிடித்திருப்பது மின்காந்தம். மின்சாரம் போனால் தண்டு தன் எடையாலேயே விழும். விழ ஒரு வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. அந்த வினாடியையும் குறித்த இடைவெளியில் அளந்து எழுதுகிறார்கள். குளிர்விப்பை நிறுத்திவிட்டு உலையை ஓட்டி, தொட்டி நீர் மணிக்கு எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று கணக்கிட்டு, மேசையிலுள்ள மானி காட்டும் திறன் உண்மைதானா என்று சரிபார்க்கிறார்கள். எரிபொருள் தண்டுகளைத் தண்ணீருக்குள்ளேயே தூக்கிச் சோதிக்கிறார்கள். எஃகு உறையிட்ட தண்டு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் வளைந்திருந்தாலோ, எட்டில் ஒரு பங்குக்கு மேல் நீண்டிருந்தாலோ அதற்கு மீண்டும் உள்ளே இடமில்லை.

இத்தனையும் செய்து முடித்தபின் பெரும்பாலான நாட்களில் பதிவேட்டில் சேர்வது ஒரே செய்தி. எல்லாம் வழக்கம்போல்.

சமைத்தவனுக்குச் சோறு மிஞ்சும், உழுதவனுக்கு நெல் மிஞ்சும். பராமரிப்பவனுக்கு மிஞ்சுவது நிகழாமல் போன ஒன்று. அதைக் காட்டிக் கூலி கேட்க முடியாது. அது நிகழாமல் போனதற்குத் தன் கைதான் காரணம் என்று நிரூபிக்கவும் முடியாது. விட்டுவிட்டாலும் மறுநாள் ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்படியானால் செய்ததற்கு என்ன மதிப்பு? செய்யாமல் விட்டதற்கு என்ன பழி? இந்தக் கேள்வி அணு யுகத்துக்கு மிக மூத்தது. வேள்வித் தீயைப் பற்றி எழுதியவர்கள் இதை வைத்துப் பல நூற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள்.

முதலில், 'இல்லை' என்பதை எப்படி அறிவது என்ற கேள்வி. வேள்விச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர்களில் குமாரிலபட்டரின் வழியினர் இதற்குத் தனியாக ஒரு பிரமாணமே, அதாவது அறியும் அளவையே, வைத்தார்கள்: அனுபலப்தி, அதாவது காணாமை. தரையில் குடம் இல்லை என்பதைக் கண் காண்பதில்லை. கண் காண்பது தரையை மட்டும். குடத்தைக் காணாததால்தான் குடத்தின் இன்மை தெரிகிறது என்பது அவர்கள் கட்சி. பிரபாகரரின் வழியினர் இதை ஏற்கவில்லை. வெறும் தரையைப் பார்ப்பதே போதும், தனிப் பிரமாணம் எதற்கு என்றார்கள். தமிழில் மணிமேகலையின் அளவைப் பட்டியலிலும் இன்மையை அறியும் அபாவம் வருகிறது. சிவஞான சித்தியாரும் அதைப் பிற அளவைகளோடு சேர்த்து எண்ணி, பிறகு காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது.

வாதத்தில் முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லாக் காணாமையும் இன்மைக்குச் சான்றாகாது. இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலையில் காணாமல் போனால்தான் அந்தக் காணாமைக்குத் தகுதி உண்டு. யோக்கியமான அனுபலப்தி என்று இதற்குப் பெயர்.

உலை அறையில் கதிர்வீச்சு மானி இந்த நிபந்தனையோடுதான் வேலை செய்கிறது. மானி அமைதியாக இருந்தால் இரண்டு பொருள் கொள்ளலாம்: கதிர்வீச்சு மிகுதியாக இல்லை, அல்லது மானி செத்துவிட்டது. எனவே மானியை நம்புவதற்கு முன், அளவு தெரிந்த ஒரு சிறு கதிரியக்க மூலத்தை அதனருகே காட்டுகிறார்கள். முள் அசைய வேண்டும், எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். அசைந்தது என்று எழுதிய பிறகுதான் அதன் மௌனத்துக்கு மதிப்பு வருகிறது. ஸ்கிராம் சோதனையும் இதே வகைதான். அபாயம் வந்தால் தண்டு விழும் என்று சொல்லும் உரிமை, அபாயம் இல்லாத வேளையில் அதை விழவைத்துப் பார்த்தவருக்கே உண்டு. 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதும் தகுதியைச் சம்பாதிக்கவே காலையில் அவ்வளவு நேரம் போகிறது.

ஆனால் ரீட் கல்லூரியில் இருப்பது சாதாரண உலை அல்ல. 'டிரைகா' வகை உலை. பராமரிப்பைப் பற்றிய கேள்வியை இன்னும் கூர்மையாக்குவது அந்த உலையின் பிறப்புக் கதை.

1956 கோடையில் கலிஃபோர்னியாவின் சான் டியகோவில், கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், ஜெனரல் அடாமிக் நிறுவனத்துக்காக விஞ்ஞானிகள் சிலர் கூடினார்கள். அவர்களில் எட்வர்ட் டெல்லர் ஒருவர், இளைஞராக இருந்த ஃப்ரீமன் டைசன் ஒருவர். டெல்லர் வைத்த நிபந்தனை விசித்திரமானது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத உலை வேண்டும். பாதுகாப்பு, இயக்குபவரின் விழிப்பையோ தானியங்கிக் கருவியையோ நம்பி இருக்கக் கூடாது. பொருளின் இயல்பிலேயே இருக்க வேண்டும். விடை எரிபொருளில் கிடைத்தது. யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடைக் கலந்து தண்டு செய்தார்கள். தண்டு சூடேறினால் அதற்குள்ளிருக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் அதிர்வு கூடி, நியூட்ரான்களுக்கு வேகம் ஊட்டுகிறது. வேகமான நியூட்ரான் பிளவை உண்டாக்குவது குறைவு. ஆக, சூடு கூடிய அதே கணத்தில் உலை தானாகவே தணிகிறது. இதற்கு எவர் கையும் வேண்டாம்.

முதல் டிரைகா 1958இல் இயங்கியது. மறு ஆண்டு சான் டியகோ ஆய்வகத் திறப்பு விழாவில் நீல்ஸ் போர் பொத்தானை அழுத்த, உலையின் திறன் ஒரு கணத்தில் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டி, மில்லிவினாடிகளில் தானே அடங்கியது. வந்திருந்தவர்களுக்கு ஒரு தீங்கும் இல்லை. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட டிரைகா உலைகள் எழுந்தன. பல பல்கலைக்கழக வளாகங்களிலேயே எழுந்தன.

இயற்கையே காத்துக்கொள்ளும் என்றால் மாணவர் ஏன் தினமும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்?

தமிழ் வைணவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். மற்ற உலைகளைக் குரங்கின் மர்க்கட நியாயத்தில் சேர்த்தால், டிரைகாவைப் பூனையின் மார்ஜார நியாயத்தில் சேர்க்கலாம். ஆனால் சரணாகதி அடைந்தவனை இறைவனே காப்பான் என்றால், அவன் சந்தியாவந்தனம் முதலான நித்திய கர்மங்களைச் செய்ய வேண்டுமா? வைணவர்களின் இரு பிரிவினரும் செய்ய வேண்டும் என்றே சொன்னார்கள், காரணத்தில்தான் பிரிந்தார்கள். வேதாந்த தேசிகரின் வழியில் அது இறைவனின் ஆணை. மோட்சத்துக்கு வழி என்று எண்ணிச் செய்யாவிட்டாலும், ஆணையை மீறுவது குற்றம். பிள்ளை லோகாசாரியரின் வழியில் அது உலகத்தார் பொருட்டு. தனக்குத் தேவையில்லை என்று ஒருவன் விட்டால், தேவைப்படுகிற அடுத்தவனும் அவனைப் பார்த்து விட்டுவிடுவான் என்ற இரக்கம்.

உலையிலும் இரண்டு காரணங்களும் இருக்கின்றன. இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. கருணைக்கும் எல்லை இருக்கிறது. ஹைட்ரைடு எரிபொருள் திடீர் திறன் பெருக்கத்தை அடக்கும், அவ்வளவுதான். தொட்டி நீரை அது தூய்மை செய்யாது. நீரில் அயனிகள் சேர்ந்தால் உலோக உறைகள் அரித்துப்போகும். அதனால்தான் பிசின் மணிகள் நிரம்பிய வடிகலம் வழியாக நீரைச் சுற்றவிட்டு, மின்கடத்துத்திறனை நாள்தோறும் பார்க்கிறார்கள். ஆவியாகும் நீரை அது ஈடுசெய்யாது. மேலே நிற்பவருக்கும் எரிபொருளுக்கும் நடுவில் கதிர்வீச்சுக்குத் தடுப்பாக இருப்பது அந்த நீர்தான். காற்றிலுள்ள ஆர்கான் நியூட்ரானை விழுங்கிக் கதிரியக்க ஆர்கான்-41 ஆவதையும் அது தடுக்காது. அதன் அரை ஆயுள் 109 நிமிடம், எனவே காற்றோட்டம் தன் வேலையைச் செய்தாக வேண்டும். வெடிக்காது என்ற உறுதி, கெடாது என்ற உறுதி ஆகிவிடாது. மனிதர்கள் பெரும்பாலும் முதல் உறுதியைக் கேட்டு இரண்டாவதையும் பெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

திறமையே போதும் என்று எண்ணுவதும் இதே போன்ற இன்னொரு பிழை. அணுவினையின் உபரியை உலை இயக்குநர்கள் 'டாலர்', 'சென்ட்' என்ற அலகில் சொல்கிறார்கள். ரீட் மாணவரும் தேர்வுக்கு முன் அதில் கணக்குப் போட்டுப் பழகுகிறார். அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லூயிஸ் ஸ்லோட்டின் என்ற கனடிய இயற்பியலாளர். லாஸ் அலமோஸில் புளூட்டோனியக் கோளத்தின் மேல் பெரிலிய மூடியை மெல்ல மெல்ல இறக்கி, வினை தொடங்கும் விளிம்பைத் தொட்டுக் காட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை. மூடி முழுவதும் விழாமல் இருக்க இடையில் முட்டுக்கட்டை வைப்பது முறை. அவர் அதை எடுத்துவிட்டு, ஒரு திருப்புளியின் நுனியால் மூடியைத் தாங்கிப் பிடிப்பார். பலமுறை செய்து காட்டியிருக்கிறார். 1946 மே 21 அன்று திருப்புளி நழுவியது. நீல ஒளி பளிச்சிட்டது. மூடியைத் தன் கையாலேயே தட்டி எறிந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். ஒன்பது நாளில் இறந்தார். அந்த வகைச் சோதனையைக் கையால் செய்வதை அதன்பின் லாஸ் அலமோஸ் கைவிட்டது.

நழுவிய கணத்தைக் குறை சொல்வது எளிது. முட்டுக்கட்டை இல்லாமல் செய்து ஒன்றும் ஆகாத முந்தைய நாட்கள்தான் சிக்கலானவை. அந்த நாட்களில் அவர் செய்தது தவறா? விளைவைப் பார்த்தால் தவறு இல்லை. விதியைப் பார்த்தால் தவறு.

இந்த இடத்தில்தான் நித்திய கர்மத்தைப் பற்றிய வாதம் தன் முழுப் பலத்தோடு வருகிறது. வேதக் கர்மங்களை மீமாம்சகர்கள் வகை பிரித்தார்கள். மழை வேண்டும், பிள்ளை வேண்டும் என்று பலன் கருதிச் செய்வது காமியம், வேண்டாதவன் விட்டுவிடலாம். நாள்தோறும் செய்யவேண்டிய அக்கினிஹோத்திரம் போன்றவை நித்தியம். அவற்றுக்கு என்று சிறப்பான பலன் எதுவும் சொல்லப்படவில்லை. அப்படியானால் ஏன் செய்ய வேண்டும்? விதி சொல்கிறது, அதுவே போதும் என்பது பிரபாகரரின் வழி. பயன் இல்லாமல் எவனும் எதையும் செய்யமாட்டான், எனவே தீவினை சேராமல் இருப்பதும் சேர்ந்தது கழிவதுமே பயன் என்பது குமாரிலபட்டரின் வழி. செய்யாவிட்டால் வரும் கேட்டுக்குப் பிரத்தியவாயம் என்று பெயர்.

பராமரிப்பின் இலக்கணமும் இதுதான். மிசௌரி பல்கலைக்கழகத்தின் 10 மெகாவாட் உலை வாரத்தில் ஏறத்தாழ ஆறரை நாள் இடைவிடாமல் ஓடி, புற்றுநோய் மருந்துக்கான ஐசோடோப்புகளை உண்டாக்குகிறது. அந்த உற்பத்தி காமியம்; பலன் கருதித் தொடங்கியது, பலன் வேண்டாமென்றால் நிறுத்தலாம். நீர்மட்டம் பார்ப்பது நித்தியம்; உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும், மருந்து யாருக்கும் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், எரிபொருள் தொட்டியில் இருக்கும்வரை அதை விட முடியாது.

பிரத்தியவாயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. செய்யாமை என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு நிகழ்ச்சியும் அல்ல. இல்லாத ஒன்று எப்படிக் கேட்டைப் பிறப்பிக்கும்? தகாததைச் செய்வதையும் தகுவதைச் செய்யாமல் விடுவதையும் வள்ளுவர் ஒரே குறளில் சமமாக நிறுத்துகிறார். ஆனால் இரண்டாவது எவ்வாறு கெடுக்கிறது என்ற இயந்திரத்தைத் திறந்து காட்டவில்லை. கத்தோலிக்கத் திருப்பலியின் பாவ அறிக்கையில் எண்ணம், சொல், செயல் என்ற மூன்றோடு கடமை தவறுதல் நான்காவதாகச் சேர்ந்தது 1970ஆம் ஆண்டு நூலில்தான். அண்மைக்கால ஆங்கிலத் தத்துவ ஆய்வாளர்களும் இதில் சிக்கிக்கொண்டார்கள். தோட்டக்காரர் நீர் ஊற்றாததால் செடி வாடியது என்கிறோம். இங்கிலாந்து ராணியும்தான் ஊற்றவில்லை. அவரையும் ஏன் காரணம் என்பதில்லை? சாரா மெக்ராத் 2005இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விடை தருகிறார்: இயல்பாக, முறைப்படி யார் ஊற்றியிருக்க வேண்டுமோ, அவர் ஊற்றாததே காரணமாகும். ஆக, செய்யாமை என்ற ஒன்று உலகத்தில் தோன்ற வேண்டுமானால் முன்கூட்டியே ஒரு விதி இருந்தாக வேண்டும். விதி இல்லாத இடத்தில் சும்மா இருப்பது மட்டும்தான் உண்டு.

சரிபார்ப்புப் பட்டியல் செய்யும் வேலை இதுவே. செய்யாமைக்கு அது ஒரு கட்டம் போட்டு வைக்கிறது. தேதியும் நேரமும் பெயரும் அச்சிட்ட அந்தக் கட்டம் காலியாக இருந்தால், நிகழாத ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது; அது யாருடையது என்பதும் தெரிகிறது.

சங்கரர் இந்த முடிச்சை வேறு பக்கமாக அவிழ்த்தார். இன்மையிலிருந்து உண்மை பிறக்காது. எனவே நித்திய கர்மத்தைச் செய்யாமை பாவத்தை உண்டாக்க முடியாது என்று கீதை உரையிலும் தைத்திரீய உபநிடத உரையிலும் வாதிடுகிறார். செய்யாமல் விட்டவன் கெடுகிறான் என்ற சாத்திர வாக்குக்கு அவர் சொல்லும் பொருள் வியப்பானது. செய்யாமை கேட்டுக்குக் காரணம் அல்ல, அடையாளம். முன்பே சேர்ந்து கிடக்கும் தீவினை பலன் தரத் தொடங்கிவிட்டது என்பதை அந்த விடுபடல் காட்டிக்கொடுக்கிறது.

மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில், அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தின் 20 மெகாவாட் ஆராய்ச்சி உலையில் 2021இல் நடந்ததை இந்த வாதத்தை வைத்துப் படிக்கலாம். ஜனவரி 4 அன்று எரிபொருள் மாற்றம் நடந்தது. ஒவ்வொரு எரிபொருள் கட்டும் தன் இடத்தில் அமர்ந்தபின் அதன் தலையைத் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டியதா என்று சோதிக்க வேண்டும். ஒரு கட்டு சரியாகப் பூட்டப்படவில்லை, சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. பிப்ரவரி 3 அன்று உலையைத் திரும்பத் தொடங்கியபோது அந்தக் கட்டு இருக்கையிலிருந்து நகர்ந்திருந்ததால் அதற்குப் போதிய குளிர்நீர் கிடைக்கவில்லை. வெப்பம் பாதுகாப்பு வரம்பைத் தாண்டி, உறை சேதமாகி, பிளவுப் பொருட்கள் வெளிவந்தன. மானிகள் உணர்ந்தன, உலை தானே நின்றது. பணியாளர் சிலர் மேல் கதிரியக்க மாசு படிந்தது. அவர்கள் பெற்ற கதிர்வீச்சின் அளவு சட்ட வரம்புக்குள்ளேயே இருந்தது. வெளியே பொதுமக்களுக்குப் போனது மிகச் சொற்பம். ஆனாலும் உலையை மீண்டும் இயக்க 2023 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது.

பூட்டைத் திருப்பாதவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் பெயரை எழுதி, கோப்பை மூடியிருக்கலாம். விசாரணை அங்கே நிற்கவில்லை. அனுபவசாலிகள் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி போதவில்லை. எழுதிவைத்த செயல்முறையில் தேவையான படிகள் முழுதாக இல்லை; இருந்ததையும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற கண்டிப்பு இல்லை. பூட்டியதா என்பதை உறுதிசெய்யும் கருவிகளும் போதுமானவையாக இல்லை. மேலாண்மையின் கண்காணிப்பு தளர்ந்திருந்தது. ஜனவரி 4ஆம் தேதியின் விடுபடல் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது வெளியே தலைகாட்டிய இடம். சங்கரர் அடையாளம் என்று சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான ஓர் எடுத்துக்காட்டை உலைகளின் வரலாற்றில் தேடுவது கடினம்.

இவ்வளவு சொன்னாலும் சடங்கின் எதிரிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயிரம் முறை செய்தது கைக்குப் பழகிவிடும். கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவிட்டால் பட்டியல் நிறைந்து நிற்கும், பார்வை நடந்திருக்காது. காலிக் கட்டம் ஒரு விடுபடலைக் காட்டும். பொய்யாக நிரப்பிய கட்டம் அதே விடுபடலை மறைக்கும். மந்திரத்தை வாய் முணுமுணுக்க மனம் சந்தையில் திரிவதைக் கண்டித்த சித்தர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரிந்திருந்தது. அமெரிக்க விதிகளும் தெரிந்தே பொய்ப் பதிவு செய்வதைச் சாதாரணத் தவறாக எண்ணாமல், வேண்டுமென்றே செய்த முறைகேடு என்று தனி வகையில் வைத்திருக்கின்றன.

கூடுதல் சோதனை கூடுதல் நன்மை என்பதும் உண்மையல்ல. எரிபொருள் தண்டைத் தூக்கிப் பார்ப்பதிலேயே அது கைநழுவும் அபாயம் இருக்கிறது. அதனால் பல டிரைகா உலைகளில் எல்லாத் தண்டுகளையும் ஆண்டுதோறும் கலைப்பதில்லை. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு பார்த்து, ஐந்தாண்டில் ஒரு சுற்று முடிக்கிறார்கள். கட்டுப்பாட்டுத் தண்டுக்கு ஓர் இடைவெளி, மானிக்கு ஓர் இடைவெளி, நீருக்கு ஓர் இடைவெளி. பொருள் எவ்வளவு வேகமாகக் கெடக்கூடும், கெட்டால் எவ்வளவு சீக்கிரம் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டே ஒவ்வொன்றின் காலத்தையும் வைத்திருக்கிறார்கள். பக்தியின் மிகுதியால் அதை இரட்டிப்பாக்கினால் யாரும் பாராட்டமாட்டார்கள். நித்திய கர்மமும் அப்படித்தான். விதித்த வேளையில் விதித்த அளவில் செய்தால்தான் அது நித்தியம்.

இந்தக் கடமை எப்போது முடியும் என்பது இன்னும் தீராத கேள்வி. மிச்சிகன் பல்கலைக்கழகம் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த தன் மக்களின் நினைவாகச் சிலை வைக்காமல் அணு ஆராய்ச்சிக்கான ஃபீனிக்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பகுதியான ஃபோர்டு அணு உலை 1957இல் இயங்கத் தொடங்கி 2003இல் நின்றது. அந்தக் கட்டடம் இன்று அணுப் பொறியியல் ஆய்வகம். ஓர் உலை நின்றதும் பட்டியல் நின்றுவிடுவதில்லை. எரிபொருளை அகற்ற வேண்டும், கட்டமைப்பைப் பிரிக்க வேண்டும், சுவரையும் தரையையும் அளக்க வேண்டும். அந்த இடத்தில் பின்னர் புழங்குபவருக்கு எஞ்சிய கதிரியக்கத்தால் ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராது என்று காட்டினால்தான், கட்டுப்பாடு ஏதுமின்றி இடத்தை விடுவித்து ஆணையம் உரிமத்தை முடித்துவைக்கும். சந்நியாசம் கொள்பவன் அக்கினி காரியங்களை விடுவதற்கும் ஒரு சடங்கு செய்தாக வேண்டும். ஆனால் விட்டேன் என்று அவன் தன் வாயால் சொன்னால் போதும். இன்மையை அளந்து காட்டும்படி எவரும் கேட்பதில்லை.

அளந்து முடித்தபின்னும் மீதி ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக உலைகளின் எரிபொருள் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமானதல்ல. எரிசக்தித் துறைக்குச் சொந்தமானது. பயன்படுத்திய டிரைகா தண்டுகள் ஐடஹோவில் உள்ள அத்துறையின் வளாகத்துக்குப் போகின்றன. அங்கே வேறு மனிதர்கள் வேறு பட்டியல்களில் முதலெழுத்துப் போடுகிறார்கள். நிரந்தரமாக வைக்கும் இடத்தை அமெரிக்கா இன்னும் அமைத்து முடிக்கவில்லை. மீமாம்சகர்கள் அக்கினிஹோத்திரத்துக்குச் செய்பவனின் வாழ்நாளை எல்லையாக வைத்தார்கள். உயிர் உள்ளவரை அவன் செய்ய வேண்டும், பிறகு அது அவனுடையதல்ல. எந்த ஒருவரின் வாழ்நாளுக்குள்ளும் அடங்காத ஒரு நித்திய கர்மத்தை யார் பெயரில் எழுதுவது என்று அவர்கள் யோசிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அமெரிக்கச் சட்டம் இப்போதைக்கு அந்தக் கட்டத்தில் ஓர் அரசுத் துறையின் பெயரை எழுதி வைத்திருக்கிறது.